கழுவுமிடம்

போன தை மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடிச் செங்கல்பட்டுக்கு வந்தார். கவிதை எழுதுகிறவர். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். பத்திரிகை ஒன்று ஆரம்பிக்கப் போகிறாராம். உள்பக்கங்கள் வெளியே அச்சாகும். அட்டையை மட்டும் தானே ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போடுவதாகத் தீர்மானம். 300 பிரதிகள். நம்மில் யாருக்கும் 300-க்கு மேல் கனவு வருவதில்லை.

நாற்பது வருஷமாக நான் இந்தத் தொழிலில் இருப்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சட்டம் மரமா அலுமினியமா, நைலான் துணி எத்தனையாம் நம்பர், மை எது, வெயிலிலேயே எக்ஸ்போஸ் செய்யலாமா, விளக்குப் பெட்டி வேண்டுமா. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் நோட்டை மூடிய பிறகுதான் கேட்காமல் விட்டது என்ன என்று எனக்குப் பட்டது. எங்கே கழுவுவது என்று அவர் கேட்கவில்லை.

குற்றமாகச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. இத்தொழிலைச் சொல்லித்தரும் கைப்புத்தகங்களில் அச்சடிப்பதற்கு முப்பது பக்கம் இருந்தால் கழுவுவதற்கு அரைப் பக்கம் இருக்கும். ஓடும் தண்ணீரில் கழுவு என்கிற ரீதியில் ஒரு வாக்கியம். அந்தத் தண்ணீர் எங்கே ஓடும் என்பது அவற்றின் விஷயமல்ல.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அட்டைகள் பரிச்சயம், அட்டை வந்த வழி பரிச்சயமிராது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய நைலான் துணி. ஒளி பட்டால் இறுகிவிடும் ஒரு பசையை ஜீரோ வாட் சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் அதன் மேல் பூசி உலர்த்துகிறோம். டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்த படத்தை அதன் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டுகிறோம். நேரத்தை எண்ணித்தான் கணக்கிடுவோம். சித்திரைக்கு ஓர் எண்ணிக்கை, மார்கழிக்கு வேறு. வெயில் பட்ட இடமெல்லாம் பசை இறுகித் துணியைப் பிடித்துக்கொள்கிறது. கறுப்புக் கோட்டின் நிழலில் இருந்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கிறது. அதன் பிறகு தண்ணீர். இறுகாத பசை கரைந்து இறங்கக் கோடு திறந்துகொள்கிறது. அந்தத் திறப்பின் வழியாக மையை ரப்பர் கட்டையால் இழுத்துக் காகிதத்தில் இறக்குவதுதான் அச்சு.

ஆக, படம் கண்ணுக்கு வருவது வெயிலில் அல்ல, கழுவும்போது. வெயிலில் காட்டிய சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் கோடு திறக்காத பரப்பு, அவ்வளவுதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் நுண்ணிய கோடுகள் ஓரத்தோடு பிய்ந்து போகும். பயந்து கழுவினால் கரைந்த பசை படலமாகக் கோட்டின் மேலேயே தங்கிவிடும். அந்தப் படலம் ஈரத்தில் தெரியாது. காய்ந்து, மை வைத்து, இழுத்து, காகிதத்தில் பாதிக் கோடு வராமல் போகும்போதுதான் தெரியும். கே. எம். ஆதிமூலம் சிறு பத்திரிகைப் பக்கங்களில் கோட்டுக்கு உண்டாக்கிய மரியாதைக்குப் பிறகு நண்பர்கள் எல்லோருமே மயிரிழைக் கோடுகளில் இறங்கிவிட்டார்கள். வரைந்தவனுக்கு ஒரு நிமிஷம். கழுவுகிறவனுக்கு அரை மணி.

அதோடு முடிவதில்லை. அச்சானதும் மையைத் துடைக்க வேண்டும், மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டு. துணி விற்கிற விலைக்கு ஒரு படத்தோடு அதைத் தூக்கிப்போட முடியாது. ஆகவே பழைய படத்தையும் எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து இரண்டு பக்கமும் தடவிச் சற்று நேரம் விட்டால் இறுகிய பசையும் விட்டுக்கொடுக்கும். அதன் பின்னும் துணியில் ஒரு சாயல் நிற்கும். போன முகூர்த்தத்து விநாயகர் இந்த முகூர்த்தத்து மணமகனின் பெயருக்குப் பின்னால் மங்கலாக உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அச்சில் வரமாட்டார். ஒரு சட்டம் ஒரு வேலைக்குள் மூன்று தடவை கழுவப்படுகிறது. அச்சடிக்கும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் அதிகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் பெயர்ப்பலகை எழுதிவந்த ஒரு பெரியவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக் கொல்லையில் சொந்தமாகத் தொடங்கினேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஜவுளிக்கடைப் பை, தேர்தல் வந்தால் கொடி. இவை சோறு போட்டன. நடுநடுவே நண்பர்களின் பத்திரிகை அட்டைகள், கவிதைத் தொகுதி அட்டைகள். அவற்றுக்கு நான் மை விலைகூட வாங்கியதில்லை. வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கொல்லைக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. நடுச்சுவர் கிணற்றின் வாய்மேல் ஏறிப் போகும். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். துவைகல் எங்கள் பக்கம் இருந்தது. சட்டத்தைச் சாய்த்து வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. கழுவிய தண்ணீர் கிணற்றடிச் சிமெண்டுத் தளத்தில் இறங்கி, ஒரு சிறு வாய்க்காலில் புகுந்து வாழைக்குப் போயிற்று. தளம் ஆங்காங்கே விரிசல் விட்டிருந்தது. வாழை நன்றாகவே வளர்ந்தது. அதை நான் ஓர் அத்தாட்சியாக வைத்திருந்தேன்.

ஒரு கத்திரியில் கிணற்றுத் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி மஞ்சளா வருதே, ஒங்க பக்கமும் அப்படித்தானா?"

சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் வாளி. அதில் தண்ணீர் மிக மெல்லிய மஞ்சளாக இருந்தது. வெள்ளை வாளியாக இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் சட்டங்களிலிருந்து துவைகல்லில் வழிகிற மஞ்சள் அது.

"துருவா இருக்கும்மா. தண்ணி அடிக்குப் போயிடுச்சுல்ல" என்றேன்.

"ஆமா, இருக்கும்" என்று சொல்லி வாளியை எடுத்துப்போய்த் துணி அலச ஆரம்பித்தார். குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பது அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. குழாய் வராத நாட்களில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் நான் அடித்துக்கொண்டிருந்தது ஒரு நண்பருடைய பத்திரிகையின் அட்டை. உள்ளே ஒரு மூத்த எழுத்தாளரின் போலித்தனத்தைத் தோலுரித்து 12 பக்கங்களுக்கு ஒரு கட்டுரை இருந்தது. நான் எழுதியது.

ஆடியில் நாலு மழை பெய்தது. மஞ்சள் போய்விட்டது. கரைந்து போனதை இல்லாமல் போனதாக எடுத்துக்கொள்வது சுலபம்.

அப்புறம் பாலாறு. செங்கல்பட்டுக்காரனுக்குப் பாலாறு என்றால் மணல்தான். நந்திமலைப் பக்கம் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து நம் ஊரோரமாக வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூருக்கு அருகில் கடலைத் தொடுகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். வருஷத்தில் பெரும்பாலான நாள் தொடுவது மணல். ஆனால் மணலுக்கடியில் ஊற்று உண்டு. அங்கே கிணறு இறக்கித்தான் இந்தப் பிரதேசத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் இந்த ஆற்றைக் கெடுத்த கதை தொண்ணூறுகளில் எல்லோர் வாயிலும் இருந்தது. நானும் ஒரு கவிதை எழுதினேன். ஆறு பேசுவது போல. இந்த வட்டத்தில் இரண்டு மூன்று பேர் அதைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்கிற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போன கணக்கைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. பத்திரிகைச் செய்தியை என் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன், ஒரு நியாயம் கிடைத்த திருப்தியோடு. அதில் குரோமியம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எங்கோ பார்த்த சொல்லாகப் பட்டது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

பசைக்கு ஒளியுணர்வு தருவதற்காக அதில் கலக்கும் உப்பு அங்கே இருந்தது. கடையில் பைகுரோமேட் என்று கேட்டு வாங்குவோம். ஆரஞ்சு நிறத்தில், உடைத்த கற்கண்டு மாதிரி அழகாக இருக்கும். புட்டியின் மேல் முழுப்பெயர் அம்மோனியம் டைகுரோமேட் என்று பத்து வருஷமாக அச்சில் இருந்திருக்கிறது. எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன், படித்ததில்லை.

ஒரு கல்லூரி ரசாயன ஆசிரியர் நண்பராக இருந்தார். அவரிடம் போனேன். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். டைகுரோமேட் தடவிய தாள் வெயிலில் மாறும் என்பதை 1839-ல் மங்கோ பாண்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டுபிடித்தார். ஒளி படும்போது, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூன்றாகக் குறைகிறது. அந்த மூன்று இணைதிறன் குரோமியம் பசையின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பசை இறுகித் தண்ணீருக்கு மசியாமல் போவது அதனால். தோல் பதனிடும் தொட்டியிலும் அதே மூன்று இணைதிறன் குரோமியம் தோலின் புரதத்தை அதேபோலப் பிணைக்கிறது. "நீங்களும் அதைத்தான் செய்றீங்க. அவங்க மாட்டுத்தோல், நீங்க பசை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, தோல் ஆலைகள் பெரும்பாலும் வாங்குவது மூன்று இணைதிறன் உப்பு, அதில் விஷம் குறைவு. ஆறு இணைதிறன் உப்பை நேராகப் புட்டியிலிருந்து எடுத்துக் கையாள்கிறவன் நீ என்றார். இன்னொன்றும் சொன்னார். மூன்றாகக் குறைந்து ஒருவாறு சாதுவாகிவிட்ட குரோமியத்தைப் பிளீச்சிங் பவுடர் மறுபடியும் ஆறாக்கிவிடும். சட்டத்தை அழிக்கும்போது வழிந்த மஞ்சள் அதுதான்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சட்டத்துப் பூச்சுக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இந்த உப்பு போகும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு குரோமியம். முகூர்த்த மாதங்களில் நாளைக்குப் பத்துச் சட்டம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கிராம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒன்றரை கிராம் 30,000 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். அந்தக் கத்திரியில் எங்கள் கிணற்றில் 1,500 லிட்டர்கூட இருந்திருக்காது. எல்லாம் கிணற்றுக்குள்ளேயே போயிருக்காது, மண் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் வெள்ளை வாளி ஞாபகத்தில் இருக்கிறது.

பெரியவரின் கைகளும் ஞாபகம் வந்தன. விரல் மூட்டுகளில் மிளகு உட்காரும் அளவுக்குச் சிறு குழிகள், ஓரம் தடித்து, வலியில்லாமல். உடம்பில் சூடு என்று சொல்லி சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். குரோம் உப்பைக் கையாள்கிறவர்களுக்கு வருகிற புண் அது என்றும் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெயர் இருக்கிறது என்றும் நான் தெரிந்துகொண்டபோது அவர் காலமாகியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே என்று விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

கழுவுமிடத்தை முதலில் தேடிய பிறகே தொழிலை வைத்தவர்களும் இந்தக் கடற்கரையில் இருந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். சோழமண்டலக் கரையின் எழுதுதுணிகளைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களில் ஐரோப்பிய வர்த்தகர்களும் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து நிற்கிறது, துணி வாங்கத்தான் உட்கார்ந்தார்கள். எழுதுதுணியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் கிடைக்கிற, கடலோர மணலில் வளரும் சிறு செடி. 1742-ல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்த வேலைமுறையை எழுதி வைத்திருக்கிறார். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணி, பிறகு காரம், பிறகு சாயம், ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசல், வெயிலில் பரத்தல், மறுபடி அலசல். எந்தத் தண்ணீரில் அலசினால் சிவப்பு நிற்கும் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். நல்ல வண்ணக்காரன் ஊரைவிட நல்ல தண்ணீர் உள்ள ஊருக்குத்தான் பெயர். அவர்களுடைய கழிவு மாட்டுச்சாணமும் படிகாரமும் வேர்ச்சக்கையும் என்பதால் அவர்களை உத்தமர்கள் ஆக்கிவிட வேண்டியதில்லை. தங்கள் தொழிலின் பாதி தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது அது செங்கல்பட்டு ஜில்லா; மணலும் சவுக்கும். ஓவியத்தை நம்பிச் சாப்பிட முடியாது என்று பாத்திக் செய்து விற்றார்கள், அந்தப் பணம் கிராமத்தைத் தாங்கியது. நம் கலை விமர்சனம் அங்கே உண்டான கோட்டைப் பற்றியும் குறியைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறது. பாத்திக் துணியிலிருந்து மெழுகை எடுக்க அதைக் கொதிக்கும் நீரில் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும், மெழுகு மேலே மிதக்கும், வழித்து மறுபடி உபயோகிக்கலாம், சாயத்தண்ணீர் அப்படியல்ல. அந்த அண்டாக்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஆண்டி வார்ஹோல் 1962-ல் மர்லின் மன்றோவின் முகத்தை ஸ்கிரீனில் திரும்பத் திரும்ப அடித்ததைப் பற்றித் தமிழிலேயே எழுதித் தள்ளியிருக்கிறோம். அந்த முகத்தைத் துணியிலிருந்து கழுவிய தண்ணீரைப் பற்றிக் கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை.

1997-ல் கொல்லையில் தொட்டி கட்டினேன். துவைகல்லைப் பெயர்த்துக் கிணற்றடியிலிருந்து முடிந்தவரை தள்ளி, வடகிழக்கு மூலையில். கொத்தனார் வாஸ்து பார்க்கிறேனாக்கும் என்று சந்தோஷப்பட்டார். இடுப்புயரத்தில் ஒரு கடப்பைக் கல், முன்னோக்கி ஓர் அங்குலம் சரிவு. குனிந்து கழுவி முதுகு போனவன் என்பதால் உயரத்தில் பிடிவாதமாக இருந்தேன். பின்சுவரில் தேய்த்த கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு குழல் விளக்கு. சட்டத்தைச் சாய்த்து வைத்தால் திறந்த கோடுகள் பிரகாசிக்கும், அடைந்தவை இருட்டாக நிற்கும். பக்கங்களில் சாரல் தெறிக்காமல் தடுப்பு. இந்த வசதிகளெல்லாம் கழுவுகிறவனுக்கு.

கல்லுக்குக் கீழேதான் விஷயம். மூன்று செங்கல் தொட்டிகள், உள்ளே வழவழவென்று பூசி, விரிசலில்லாமல். முதல் தொட்டியின் வாயில் துணிச்சல்லடை, பசைத் துணுக்குகளுக்கு. மைத்துடைப்பை அங்கே கொண்டுவருவதே கிடையாது. சட்டத்தில் இருக்கும்போதே மையை வழித்து டப்பாவில் போட்டு, மீதியைப் பனியன் வேஸ்டால் துடைத்துவிடுவது. தின்னர் தண்ணீரில் கலக்கக் கூடாது. இரண்டாவது தொட்டியில் மஞ்சள் தண்ணீர் சேரும். பிளீச்சிங் கலந்ததாக இருந்தால் ஒரு முழுநாள் திறந்து விட்ட பிறகு அன்னபேதி போடுவேன். இரும்பு உப்பு, நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கட்டியாகக் கிடைப்பது. போட்டுக் கலக்கினால் மஞ்சள் கண்ணெதிரே செத்துப் பழுப்புப் பச்சையாகும். ஆறு மூன்றாகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது தொட்டியில் சுண்ணாம்புத் தெளிவு. குரோமியமும் இரும்பும் சேர்ந்து கசடாகி அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரை மறுநாள் முதல் கழுவலுக்கே எடுத்துக்கொள்வேன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அந்தப் பக்கம் விட்டதே இல்லை. பிளீச்சிங்கோடு அது சேர்ந்தால் வரும் புகை வேறு சமாச்சாரம்.

அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்துக் காய்ச்சித்தான் நம் முன்னோர்கள் காகிதத்தில் எழுதும் கறுப்பு மை செய்தார்கள். நான் அதை மைத்தொழிலின் கசடை அடக்கப் பயன்படுத்துகிறேன். இதைக் கவிதையாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பாலாற்றுக் கவிதைக்குப் பிறகு எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

2000-க்குப் பிறகு டயஜோ பசைகள் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்தன, குரோமியம் இல்லாதவை. விலை கூட; பூசி வைத்தால் நாட்கணக்கில் இருக்கும். மாறிவிட்டேன். ஐரோப்பாவில் இந்த டைகுரோமேட் உப்புகளுக்கு 2017 செப்டம்பரில் கெடு வைத்து, தனி அனுமதியில்லாமல் உபயோகிக்கக் கூடாது என்றார்கள். என் தொட்டியின் கசடு வருஷா வருஷம் வற்றி, மாவாகி, இரண்டு நீலப் பிளாஸ்டிக் டிரம்களில் மூடியிருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் செய்த ஆலை ஒன்று மூடிப்போன பிறகு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலையாகக் கிடந்ததைப் பார்த்தால் என் டிரம்கள் கேலிக்குரியவை. கும்மிடிப்பூண்டியில் இப்படிப்பட்டவற்றைப் புதைக்க முறையான இடம் இருக்கிறது. லாரிக் கணக்கில் கொண்டுவருகிறவர்களுக்கானது. இரண்டு டிரம்மோடு ஒரு கிழவன் போய் நின்றால் என்ன சொல்வார்கள் என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது.

இளைஞரின் வீட்டைப் பார்க்க மாசியில் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து வேறு பஸ். நடுவில் ஒரு மணி நேரம் இருந்ததால் கடற்கரைக் கோயில் வரை நடந்தேன். உப்புக்காற்று கல்லுக்குள் இறங்கிச் சிற்பங்களைப் பொரித்துத் தள்ளுகிறது; தொல்பொருள் துறையினர் காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்லையும் கழுவத்தான் வேண்டியிருக்கிறது. அப்பிய கூழை எங்கே போடுவார்கள் என்று கேட்க ஆளில்லை.

வீடு அழகான வீடு. பின்னால் இருபது தென்னை, அப்புறம் மணல், அப்புறம் கடல். முற்றத்தில் குழாயடி, அதை ஒட்டி அவர் சிமெண்டில் ஒரு மேடை போட்டு வைத்திருந்தார், நான் வருகிறேன் என்று. மேடையிலிருந்து ஒரு குழாய் மணலுக்குள் போய் மறைந்தது. பத்தடி தள்ளி ஓர் உறைக்கிணறு. எட்டிப் பார்த்தேன், பன்னிரண்டடியில் தண்ணீர். நாலு மீனவக் குடும்பங்கள் அதில் எடுப்பதாகச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் குடத்தோடு வந்து போனார். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஓர் ஏடு. மேலே ஊற்றுவது எதுவும் ஒரு மழையில் அதற்குள் போய்விடும்.

"நான் வாங்குனது டயஜோதான் சார், குரோமியம் இல்ல" என்றார்.

"சரி. பிளீச்சிங்? தின்னர்? மை?"

"கடல் பக்கத்துலதானே சார். மணல் எல்லாத்தையும் வடிகட்டிடும்னு நெனச்சேன்."

வெள்ளை வாளியைப் பற்றி அப்போது அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும். துரு என்று சொன்னதையும், அந்த அம்மா ஆமா என்றதையும் சொன்னேன். அவர் மணலில் மறைந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த 12 பக்கக் கட்டுரை எந்த இதழ் சார்?" என்று கேட்டார். சொன்னேன். படித்திருக்கிறாராம்; நன்றாக இருந்ததாம்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அச்சடிப்பது அங்கே. மையை வழித்துத் துடைப்பது அங்கே, துணியை டப்பாவில் போட்டு. படத்தைத் திறப்பதும் அழிப்பதும் என் கொல்லையில். மேடையிலிருந்து போன குழாயை அவரே பிடுங்கிவிட்டு ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். மேடையில் இப்போது செடித்தொட்டிகள் இருக்கின்றன.

மூன்று சனிக்கிழமைகள் வந்துவிட்டார். முதல் வாரம் பயந்து கழுவி, கோடுகளில் படலம் விட்டு, ஐம்பது அட்டை வீண். இரண்டாம் வாரம் வேகமாகக் கழுவிப் படத்தின் வலது ஓரம் போயிற்று. மூன்றாம் வாரம் தேறிவிட்டார். அட்டையில் ஒரு பனைமரம், எல்லாம் மயிரிழைக் கோடுகள். தொட்டியில் அன்னபேதி எப்போது போட வேண்டும் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொண்டார். அவருடைய தண்ணீருக்கு அது அவசியமில்லை, ஆனாலும் என் பழைய சட்டங்கள் சில இன்னும் பாக்கி இருக்கின்றன. சட்டத்தைக் கறுப்புத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறார். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கிறார்களாம்.